ஆட்சி மாறினால் யார் பெட்டி கட்டுவது?

செய்தித்தாளின் ஒரே பக்கத்தில் மூன்று தலைப்புகளைப் பார்க்கலாம். ‘டிரம்ப் நிர்வாகம் புதிய வரி விதிப்பு’, ‘மோடி அரசு விளக்கம்’, ‘கனமழை: பள்ளிகளுக்கு விடுமுறை அளித்தது மாவட்ட நிர்வாகம்’. மூன்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு காப்பியைக் குடித்து எழுந்துவிடுகிறோம். முதல் செய்தியில் வரும் நிர்வாகம் ஒரு தலைவரும் அவர் கூட்டி வந்த ஆட்களும். மூன்றாவதில் வருவது மாவட்ட ஆட்சியரில் தொடங்கி கோட்டாட்சியர், வட்டாட்சியர், கிராம நிர்வாக அலுவலர் என்று படிப்படியாக இறங்கும் வரிசை. முதலமைச்சர் யார் என்பதைப் பொறுத்து அந்த வரிசை நகரக் கூடாது என்பது ஏற்பாடு. ‘மோடி நிர்வாகம்’ என்று நம் பத்திரிகைகள் சாதாரணமாக எழுதுவதில்லை. ‘சேலம் மாவட்ட அரசு’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஆட்சி மாறிய மறுநாள் காலையில் எத்தனை பேர் மேசையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், எத்தனை பேர் வழக்கம்போல வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்ப்பது. அந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறதோ, அதுதான் அந்த நாட்டின் ஆட்சிமுறை. அரசமைப்புச் சட்டத்தைப் பிறகு சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் அந்தக் கோட்டுக்கு நேரம்கூடக் குறித்திருக்கிறார்கள்: தேர்தலுக்கு அடுத்து வரும் ஜனவரி 20, நண்பகல் 12 மணி. நாடாளுமன்றக் கட்டடத்தில் பதவியேற்பு நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளை மாளிகையில் பழைய குடும்பத்தின் சாமான்கள் இறங்குகின்றன, புதிய குடும்பத்தின் சாமான்கள் ஏறுகின்றன. சில மணி நேரத்தில் அலமாரியில் துணிகள்கூட அடுக்கியாகிவிடும். இந்த வேலையைச் செய்பவர்கள் மாளிகையின் நிரந்தரப் பணியாளர்கள். சமையல்காரர், பரிசாரகர், தச்சர், தோட்டக்காரர் என்று எல்லோரும் பல அதிபர்களைப் பார்த்தவர்கள். அவர்கள் போவதில்லை. போகிறவர்கள் மேலே இருப்பவர்கள்: அமைச்சர்கள், துணை அமைச்சர்கள், அவர்களுக்கும் கீழே இரண்டு மூன்று அடுக்குகள், தூதர்களில் ஒரு பகுதியினர், உரை எழுதுபவர்கள், செய்தித் தொடர்பாளர்கள். அதிபர் தன் விருப்பப்படி நிரப்பும் இடங்கள் சுமார் 4,000. அவற்றில் 1,200க்கும் மேற்பட்டவற்றுக்கு நாடாளுமன்ற மேலவையான செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். எந்தெந்தப் பதவிகள் என்று ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் ஒரு பட்டியல் வெளியாவது வழக்கம். பிளம் பழத்தின் ஊதா நிற அட்டையோடு வந்ததால் அதற்கு ‘பிளம் புத்தகம்’ என்று பெயர். வேலை தேடுபவர்களுக்கு அதைவிடச் சுவையான புத்தகம் இருக்க முடியாது.

‘டிரம்ப் நிர்வாகம்’, ‘பைடன் நிர்வாகம்’ என்பதெல்லாம் இந்த 4,000 பேரையும் அவர்களுடைய தலைவரையும் குறிக்கிறது. நாடாளுமன்றம் அதில் சேராது, சேரவும் முடியாது. அமெரிக்க அரசமைப்பின் முதல் பிரிவே, அரசுப் பதவி வகிப்பவர் காங்கிரஸ் எனப்படும் அந்த நாடாளுமன்றத்தின் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று தடுக்கிறது. 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சரான மார்கோ ரூபியோ தன் செனட் இடத்தைத் துறந்துவிட்டுத்தான் வந்தார். 2009இல் ஹிலாரி கிளின்டனும் அப்படியே. நம் நாட்டில் இது தலைகீழ். அமைச்சராகிறவர் ஆறு மாதத்துக்குள் அவை உறுப்பினராகாவிட்டால் பதவி போய்விடும். அமெரிக்கர்கள் ‘அரசு’ என்று சொல்லும்போது காங்கிரஸ், நீதிமன்றம், அதிபர் மூன்றும் சேர்ந்த மொத்தத்தை நினைக்கிறார்கள். அதில் அதிபரின் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல ஒரு பெயர் தேவைப்படுகிறது. நமக்கு அந்தத் தேவை எழவில்லை. பிரதமரிடம் பெரும்பான்மை இருக்கும்வரை அவையும் அவருடையது, அரசும் அவருடையது.

நாலாயிரம் என்பது இன்றைய கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் அஞ்சலகம், சுங்கச் சாவடி என எல்லா இடமும் வென்ற கட்சிக்காரர்களுக்குத்தான். போரில் வென்றவன் கொள்ளையடிப்பதைப் போல என்று வெட்கமில்லாமல் அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது ஒரு துப்பாக்கிக் குண்டு. ஜேம்ஸ் கார்ஃபீல்டு 1881 மார்ச்சில் அதிபரானதும், அவருக்காகத் தேர்தலில் பேசியதாகச் சொல்லிக்கொண்டு சார்லஸ் கிட்டோ என்பவர் பாரிஸ் நகரத் தூதரகப் பதவி கேட்டு வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் நடையாய் நடந்தார். யாரும் மதிக்கவில்லை. ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அதிபரின் முதுகில் சுட்டார். கார்ஃபீல்டு செப்டம்பர் 19 வரை படுக்கையில் கிடந்து இறந்தார். அவருக்குப் பின் வந்த செஸ்டர் ஆர்தர், பதவி விநியோக அரசியலிலேயே வளர்ந்தவர். அவர்தான் 1883 ஜனவரியில் பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேர்வு எழுதி வேலைக்கு வருவது, கட்சி மாறினால் வேலை போகாமல் இருப்பது என்ற இரண்டும் அங்கே அப்போதுதான் சட்டமாயின. தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்கு மட்டும். பிறகு மெல்ல மெல்ல விரிந்து இன்று இருபது லட்சம் பேர் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்திரமாக இருக்கிறார்கள்.

பத்திரமாக இருந்தார்கள் என்று எழுத வேண்டுமோ என்னவோ. டிரம்ப் 2020 அக்டோபரில் ஓர் ஆணை போட்டார். கொள்கை சார்ந்த வேலையில் இருக்கும் நிரந்தர ஊழியர்களை எளிதாக நீக்க வகை செய்யும் ஆணை அது. பைடன் வந்ததும் அதை ரத்து செய்தார். 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, டிரம்ப் அதைப் பெயர் மாற்றித் திரும்பக் கொண்டுவந்தார். சுமார் 50,000 பணியிடங்கள் அதில் அடங்கும் என்பது அவருடைய அரசின் மதிப்பீடு. நாலாயிரம் எங்கே, ஐம்பதாயிரம் எங்கே! மக்கள் தேர்ந்தெடுத்தவனின் சொல்லை ஊழியன் கேட்க வேண்டாமா என்ற அவருடைய ஆட்களின் கேள்வியை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் கேட்பவர்கள் கார்ஃபீல்டின் முதுகையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நிர்வாகத்தையும் அரசையும் பிரித்துப் பார்க்க இன்னும் ஒரு நல்ல வழி, இரண்டில் ஒன்று நின்றுபோகும் நேரத்தைக் கவனிப்பது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அமெரிக்க மத்திய அரசின் பல அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. அதிபர் இருந்தார், காங்கிரஸ் இருந்தது. செலவுக்கான சட்டம் மட்டும் நிறைவேறவில்லை. பல லட்சம் ஊழியர்கள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார்கள், அல்லது சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். பெல்ஜியத்தில் நேர்மாறு. 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு 541 நாட்கள் அங்கே கட்சிகளால் புதிய அரசு அமைக்க முடியவில்லை. பழைய அமைச்சரவை பெயருக்குக் காபந்து செய்தது. ரயில் ஓடியது, ஓய்வூதியம் வந்தது, குப்பை அள்ளப்பட்டது. அந்த இடைவெளியிலேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் சுழற்சித் தலைமையையும் அந்த நாடு ஆறு மாதம் நடத்தி முடித்தது.

நம்மிடம் பணச் சட்டம் தோற்றால் அரசே கவிழ்ந்துவிடும் என்பதால் அமெரிக்கப் பூட்டு இங்கே விழாது. 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில், வீழ்த்திய எதிர்க்கட்சிகளும் சேர்ந்தே வரவு செலவுத் திட்டத்தை விவாதம் இல்லாமல் நிறைவேற்றிக் கொடுத்துவிட்டு மக்களவையைக் கலைக்க விட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது கார்கில் போர். பெரும்பான்மை இழந்த காபந்து அரசின் கீழ் ஒரு போர் நடந்து முடிந்தது என்பதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

பிரிட்டனில் கோடு மிக உயரத்தில் விழுகிறது. பிரதமர் தோற்ற மறுநாளே பிரதமர் வசிக்கும் டவுனிங் தெரு பத்தாம் எண் வீட்டுப் பின்வாசலில் சாமான் லாரி வந்து நிற்கும். அமெரிக்காவைப் போல இரண்டரை மாத அவகாசமெல்லாம் கிடையாது. அமைச்சர்களும் சுமார் நூறு சிறப்பு ஆலோசகர்களும் போவார்கள். துறைச் செயலாளரிலிருந்து கீழே ஒருவரும் அசைய மாட்டார்கள். புதிய பிரதமர் உள்ளே நுழையும்போது ஊழியர்கள் நடைகூடத்தில் வரிசையாக நின்று கைதட்டுவார்கள். சற்று முன் பழையவரை வழியனுப்பியதும் அதே கைகள்தான். லாரி என்ற பூனையும் 2011 முதல் அங்கே எலி பிடிக்கும் உத்தியோகத்தில் இருக்கிறது. கேமரன் முதல் ஸ்டார்மர் வரை ஆறு பிரதமர்களைக் கண்ட அது எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பிரிட்டிஷ் வழக்கம் வேறொன்று. ஆட்சிக்கு வந்த கட்சியின் அமைச்சர்கள், முந்தைய கட்சி ஆட்சியின் உள் ஆவணங்களைப் பார்க்க முடியாது. முந்தைய அமைச்சருக்கு அதிகாரிகள் என்ன ஆலோசனை சொன்னார்கள், அவர் ஓரத்தில் என்ன குறித்தார் என்பது புதியவருக்கு மூடிய கதவு. இரண்டு பக்கமும் தெரிந்தவர் அந்த அதிகாரி மட்டுமே. அவரும் வாய் திறக்க மாட்டார். நம் ஊரில் ஆட்சி மாறியதும் முதல் வேலையாகப் பழைய கோப்புகளைக் கேட்டு வாங்கி விசாரணை ஆணையம் அமைக்கிறோம். எது நல்லது என்று கேட்டால், வரி கட்டுகிறவனாக நம் வழக்கத்தின் பக்கம்தான் கொஞ்சம் சாய்வேன். ஆனால் எதையும் மனம் திறந்து எழுதும் அதிகாரியை எது உருவாக்கும் என்று கேட்டால், பிரிட்டிஷ் வழக்கம்தான்.

இந்த முறையை வடிவமைத்த இருவரில் ஒருவர் நமக்கு அறிமுகமானவர். ‘தகுதி பார்த்துத் தேர்வு வைத்து ஆள் எடு, கட்சி பார்க்காதே’ என்ற 1854 அறிக்கை, நார்த்கோட், ட்ரெவெல்யன் இருவர் பெயரிலும் வழங்குகிறது. சார்லஸ் ட்ரெவெல்யன் இளமையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இந்தியாவில் இருந்தவர். மெக்காலேயின் தங்கையை மணந்தவர். அதே காலத்தில் மெக்காலே குழு இந்தியப் பணிக்கும் திறந்த போட்டித் தேர்வைப் பரிந்துரைத்தது. 1855இல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. ட்ரெவெல்யன் 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து, இன்றைய மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகைப் பகுதியில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்கை உருவாக்கினார். மறு வருடமே கல்கத்தாவிலிருந்து வருமான வரித் திட்டம் வந்தபோது அதை எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் தன் எதிர்ப்பைப் பகிரங்கமாக்கினார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஊழியன் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்ற மரபின் தந்தைகளில் ஒருவர், வாயைத் திறந்ததால் சென்னையில் வேலை இழந்தார்.

பிரான்சில் நிர்வாகம் தனிப் பிறவி. 1958 அரசமைப்பின் 20ஆம் பிரிவு, அரசு நாட்டின் கொள்கையை வகுத்து நடத்தும், நிர்வாகமும் ஆயுதப் படையும் அதன் கையில் இருக்கும் என்கிறது. அரசு வேறு, அதன் கையில் உள்ள கருவி வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கருவி தவறு செய்தால் விசாரிக்கத் தனி நீதிமன்றங்கள். 1871இல் போர்தோ நகரில் அரசுப் புகையிலை ஆலையின் தள்ளுவண்டி, ஆக்னஸ் பிளாங்கோ என்ற ஐந்து வயதுச் சிறுமியின் மேல் ஏறியது. அவளுடைய தந்தை சாதாரண நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு எந்த நீதிமன்றத்துக்கு உரியது என்ற சண்டை 1873 பிப்ரவரியில் தீர்ந்தது: அரசின் பொறுப்பைத் தனிமனிதர்களுக்கான சட்டத்தால் அளக்க முடியாது, நிர்வாக நீதிமன்றமே விசாரிக்க வேண்டும். பிரெஞ்சு நிர்வாகச் சட்டம் என்னும் பெரிய மாளிகையே அந்தக் குழந்தையின் காயத்தின் மேல்தான் எழுந்து நிற்கிறது. 1946க்கும் 1958க்கும் இடையே இருபதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் கவிழ்ந்தபோது நாட்டைத் தாங்கியது இந்த நிர்வாகம்தான் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். சீனாவிலோ அரசமைப்பின்படி அரசவையே மிக உயர்ந்த நிர்வாக உறுப்பு. அரசியல் முடிவுகள் கட்சியில். ஒரு மாநகரத்தில் மேயரைவிடக் கட்சிச் செயலாளர் பெரியவர் என்று தெரிந்துகொண்டால் அங்கே மற்றதெல்லாம் எளிது.

இலங்கையில் இந்தக் கோடு விழுந்த இடம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மேலே பார்த்தால் அது கலப்பு. 1978 அரசமைப்பின்படி அமைச்சுச் செயலாளர்களை ஜனாதிபதி நியமிக்கிறார். அமைச்சரவை கலைந்தால் அவர்கள் பதவியும் முடிகிறது. பிரிட்டனில் அசையாத அந்த நாற்காலி அங்கே அசையும். கீழே மாவட்டத்தில் நம் ஆட்சியரைப் போன்ற அரசாங்க அதிபர், பிறகு பிரதேச செயலாளர், கிராம அலுவலர். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்குக் கச்சேரி என்றே பெயர். நம் பக்கம் தாலுக்கா கச்சேரி என்று சொன்ன தாத்தாக்கள் இப்போது இல்லை.

போர்க்காலத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. அங்கே காவல்துறை, நீதிமன்றம், வரி எல்லாம் புலிகளுடையது. ஆனால் அரசாங்க அதிபர் கொழும்பு நியமித்தவர். ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. நிவாரண உணவு கச்சேரி வழியாகப் பங்கிடப்பட்டது. ஒரே மண்ணில் ஆட்சி ஒருவருடையது, நிர்வாகம் அவருடைய எதிரியுடையது. 2009 தொடக்கத்தில், சுருங்கிக்கொண்டே போன போர்ப் பகுதிக்குள் எத்தனை பொதுமக்கள் இருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது. அரசு சுமார் 70,000 என்றது. முல்லைத்தீவின் மேலதிக அரசாங்க அதிபர் சுமார் 3,30,000 என்று கணக்குக் கொடுத்தார். கிராம அலுவலர்களின் பதிவேடுகளோடு புழங்கும் அலுவலகம் அது. மேலிடம் அந்தக் கணக்கை ஏற்காமல் ஒழுங்கு நடவடிக்கை என்று எச்சரித்தது. போர் முடிந்தபோது முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களே 2,80,000க்கு மேல். எத்தனை பேருக்கு உணவும் மருந்தும் அனுப்புவது என்பதை அந்த எண்ணிக்கைதானே தீர்மானிக்கும்? நிர்வாகம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகக் கனமான பொருள் இதுதான்: தனக்குச் சம்பளம் கொடுக்கும் அரசுக்குப் பிடிக்காத எண்ணையும் எழுதி அனுப்புவது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ஏட்டளவில் நாம் பிரிட்டன். அரசமைப்பின் 311ஆம் பிரிவு, விசாரணை இல்லாமல் ஊழியரை நீக்க முடியாது என்று காப்பாற்றுகிறது. நிரந்தரம் என்றால் எவ்வளவு நிரந்தரம் தெரியுமா? தமிழக வருவாய்த் துறை இன்றும் கணக்கு எழுதுவது பசலி ஆண்டில். அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி வந்த ஆண்டுக் கணக்கு அது. ஜூலை 1 அன்று பிறக்கும்; 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. முகலாயர் போனார்கள், நவாப் போனார், கம்பெனி போனது, ராணி போனார், காங்கிரஸ் போய்த் திராவிடக் கட்சிகள் மாறி மாறி வந்தன. ஜமாபந்தியில் அடங்கலும் சிட்டாவும் பசலி போட்டுத்தான் வருகின்றன. தமிழ்நாட்டில் இந்த அடுக்கில் உண்மையாக ஒரு வெட்டு விழுந்தது 1980 நவம்பர் 14 அன்று. எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியக்காரர் உள்ளிட்ட பகுதிநேரக் கிராமப் பதவிகளை ஒழித்தது. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் கையிலேயே புழங்கிய நிலக் கணக்கு, தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலரிடம் போனது. உச்ச நீதிமன்றமும் 1982இல் அதை ஏற்றது. எத்தனையோ ஆட்சி மாற்றங்கள் செய்யாததை அந்த ஒரு சட்டம் ஊருக்குள் செய்தது.

பக்கத்தில் புதுச்சேரியில் இன்னொரு வேடிக்கை. அங்கே அரசமைப்பின் 239ஆம் பிரிவின்படி துணைநிலை ஆளுநருக்கே ‘நிர்வாகி’ என்று பெயர். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வரும் இருக்கிறார், டெல்லி அனுப்பிய நிர்வாகியும் இருக்கிறார். துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடிக்கும் முதல்வராக இருந்த நாராயணசாமிக்கும் நடந்த இழுபறியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2019இல் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்ல, இரு நீதிபதிகள் அமர்வு 2020இல் அதை நீக்கியது. வாக்களித்தவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெளிவாகவில்லை.

ஏட்டை மூடிவிட்டுப் பார்த்தால் நாம் வேறு ஏதோ. இங்கே ஆட்சி மாறினால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. எல்லோரும் வேறு ஊருக்குப் போகிறார்கள். புதிய முதல்வர் பதவியேற்ற சில நாட்களில் இடமாற்றப் பட்டியல்கள் வரத் தொடங்கும். தலைமைச் செயலாளர், காவல் துறை உயர் அதிகாரிகள், ஆட்சியர்கள் என்று பக்கம் பக்கமாக. வேலையிலிருந்து எடுக்க முடியாது, ஆனால் வேலையே இல்லாத ஒரு துறைக்கு அனுப்பலாம். ஹரியானாவின் ஐ.ஏ.எஸ். அதிகாரி அசோக் கெம்கா 2025இல் ஓய்வு பெறுவதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை மாற்றப்பட்டார். 4,000 பேரின் பட்டியலை அச்சடித்து வெளியிட்டு, இவர்கள் என் ஆட்கள் என்று ஒப்புக்கொள்ளும் அமெரிக்க முறையில் ஒரு நாணயம் இருக்கிறது. நம்முடையதில் பட்டியல் இல்லை. யார் யாருடைய ஆள் என்பது அலுவலகக் கேன்டீனில் மட்டும் தெரியும்.

2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் இதைச் சீர்செய்யப் பார்த்தது. முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் முதலானோர் தொடுத்த வழக்கு. அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், இடமாற்றத்தைப் பரிந்துரைக்க ஒரு வாரியம் வேண்டும், வாய்மொழி உத்தரவில் வேலை செய்யக் கூடாது, எழுத்தில் பதிவாக வேண்டும் என்றது தீர்ப்பு.

என் பெரியப்பா வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவர். ஆட்சி மாறும்போதெல்லாம் சுவரில் முதல்வர் படத்தை மாற்றி மாட்டியவர்களில் ஒருவர். தொலைபேசியில் உத்தரவு வந்தால், கோப்பின் ஓரத்தில் ‘இன்று தொலைபேசி வழியே தெரிவிக்கப்பட்டபடி’ என்று தேதி, நேரத்தோடு பென்சிலில் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. தேவைப்பட்டால் மைபோட்டுக்கொள்ளலாம், தேவைப்படாவிட்டால் அழித்துவிடலாம். தீர்ப்பு வந்த செய்தியைக் காட்டி, “இனிமேல் எல்லாம் எழுத்தில்தான் வருமாம் பெரியப்பா” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: “மாற்றல் உத்தரவு எப்போதுமே எழுத்தில்தான் வரும் தம்பி.”